மேசைவிரிப்பில் ஏறிய நீலம்

என் கணவர் என்னைவிடக் குள்ளம். மாலை மாற்றும்போது மாப்பிள்ளைக்கு ஒரு பலகை போடுங்கள் என்று கல்யாண வீட்டிலேயே சிரித்தார்கள். அவருக்கு அதில் துளி வருத்தம் இல்லை, அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் சிரித்தவர்களை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது.

அவர் வெளிநாட்டில் வண்டி ஓட்டிச் சம்பாதித்து, பொன்னமராவதியில் வீடு கட்டி, சாப்பாட்டு மேசையும் வாங்கிப் போட்டு, இனி எங்கும் போகப்போவதில்லை என்று வந்து உட்கார்ந்த பிறகுதான் இந்தச் சாயம் முக்கும் கிறுக்கு எங்களைப் பிடித்தது. எல்லாம் போனில் பார்த்த ஒரு வீடியோவால் வந்தது. வெள்ளைப் பருத்தி விரிப்பின் ஓரத்தை மட்டும் சாயத்தில் இறக்கி, மெல்ல மெல்லத் தூக்க வேண்டும். அடியில் கருநீலம், மேலே போகப் போக வெளிறி, கடைசியில் வெள்ளை. மறுநாளே ஒரு டிரம்மை நீளவாக்கில் அறுத்து, உருளாமல் இருக்கச் செங்கல் முட்டுக் கொடுத்து, தொட்டியாக்கிவிட்டார்.

விரிப்பு அகலமானது, ஓர் ஆள் கைக்கு அடங்காது. கஞ்சி போக அலசிய ஈரத் துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இறக்குவோம். அவர் குள்ளமல்லவா, அவர் பக்கம் துணி கூடுதலாக முங்கும். சரிக்கட்ட நான் கையைத் தாழ்த்தினால் வேண்டுமென்றே அவரும் தாழ்த்துவார். அதனால் எங்கள் வீட்டு விரிப்பு ஒவ்வொன்றிலும் நீலம் அவர் பக்கம் உயர்ந்து கோணலாக ஏறியிருக்கும்.

"ஏங்க, அந்த முக்காலி மேல ஏறி நில்லுங்களேன்" என்பேன்.

"எதுக்கு? நல்லாப் பாரு புள்ள, எம் பக்கந்தான் ஒசரம்" என்பார்.

நீலம் ஏறிய அந்தப் பக்கத்துக்கு 'அப்பா பக்கம்' என்று எங்கள் மகள் பெயர் வைத்தாள். சாப்பிடும்போது அங்கேதான் நாற்காலியை இழுத்துப் போட்டு ராஜா மாதிரி உட்காருவார்.

மகள் திருச்சியில் வீடு கட்டத் தொடங்கியபோது, "ஒன் வீட்டு மேசைக்கு நாந்தான் விரிப்புத் தருவேன், கடையில வாங்கிப்புடாத" என்று சொல்லிவிட்டு, துணியும் சாயமும் வாங்கி வந்தார். முக்குவதற்குள் போய்விட்டார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது. துக்கம் நடந்த வருஷம் என்று மகளும் புதுவீடு குடிபோவதைத் தள்ளிப்போட்டாள். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைத் துணி கண்ணில் படும். பட்டென்று மூடிவிடுவேன்.

வருஷம் திரும்பியது, நாளும் குறித்தாயிற்று. அவர் கொடுத்த வாக்கு நிற்க வேண்டுமே என்று தொட்டியைக் கழுவிச் சாயத்தைக் கரைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, அங்கிட்டு நான் வந்து பிடிக்கிறேன்" என்றாள்.

"வேணாம் தாயி, நீ போ" என்று விரட்டாத குறையாக அனுப்பினேன். அவர் நின்ற இடத்தில் இன்னொருத்தர் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துணியை மூங்கில் கழியில் கோத்து, கழியின் இரு முனையிலும் கயிறு கட்டி, துணி காயப்போடும் கம்பிக்கு மேலாக இழுத்துப் பிடித்து, தனியாகவே இறக்கினேன். அழுதுகொண்டே தூக்கினேன்.

குடிபோன அன்று, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, மகள் அதை மேசையில் விரித்தாள்.

"எம்புட்டு நேரா வந்திருக்கும்மா!" என்றாள். நீலம் முடியும் இடத்தை விரலால் தொட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடவிக்கொண்டே போனாள். விரல் நின்றது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதுல அப்பா பக்கம் எதும்மா?"

நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக இருந்தது.