இரும்பு படாத மூலை: திருத்தங்கலில் ஒரு கீரைத் தோட்டம்

இந்தப் பதிவில் படங்கள் இல்லை. காரணம் பாதியில் வரும்.

மதுரையில் நான் வாடகைக்கு இருக்கும் தெருவில் ஒரு காலி மனை. குப்பை, உடைந்த கண்ணாடி, கருவேல முள். அதில் கீரை போடலாம் என்று நாங்கள் நான்கு பேர் பேசத் தொடங்கி எட்டு மாதம். பேச்சு மட்டும் செழிப்பாக வளர்ந்தது.

திருத்தங்கலில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் பன்னிரண்டு பேர் அதை உண்மையிலேயே செய்துவிட்டார்கள் என்று ஜெசிந்தா அக்கா சொன்னார். நண்பனின் அக்கா. அந்தப் பகுதியில் நர்ஸ். பெண்களுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. ஆடி பிறந்தால் தீபாவளி ஆர்டர் நெருக்கும், ஞாயிறும் போய்விடும். அதனால் ஆனியிலேயே கிளம்பினேன்.

காலை 5.40. மாட்டுத்தாவணியிலிருந்து விருதுநகர் பேருந்து. கையில் முந்தைய நாள் 380 ரூபாய்க்கு வாங்கிய புது மண்வெட்டி. வெறுங்கையோடு போகக் கூடாதே. நடத்துநர் அதை மேலும் கீழும் பார்த்து, எந்தக் காட்டுக்குப் போறீக என்றார். கீரை பார்க்க என்றேன். இரண்டு டிக்கெட் எடுத்தவனைப் போல மரியாதையாக இடம் காட்டினார்.

விருதுநகர் 6.55. சுமார் 50 கிலோமீட்டர், 50 ரூபாய். அங்கிருந்து சிவகாசி வண்டி, 7.10. திருத்தங்கலில் இறங்கும்போது மணி எட்டு ஆகப்போகிறது. 25 ரூபாய். ஒரு கிலோமீட்டர் நடை.

மூடிப்போன அச்சகம் ஒன்றின் பின்புறம். நான்கு சென்ட். வண்ணக் காகிதச் சீவலும் தெருக் குப்பையும் கொட்டிக் கிடந்த இடமாம். இப்போது சிறுகீரை, தண்டங்கீரை, கத்தரி, வெண்டை, மூன்று முருங்கை. நாற்றுகள் காகிதக் குழாய்களில் நிற்கின்றன. வெடிக்கு உருட்டி, மருந்து ஏறாமல் கழித்த குழாய்கள். நட்டால் குழாய் மண்ணோடு மட்கிவிடும்.

வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் செல்போன்கள். பக்கத்தில் வரிசையாகச் செருப்புகள். கம்பெனி வாசலில் போனைக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய்ப் பழகியவர்கள். இங்கே யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. கால்கள் தாமாகவே நிற்கின்றன. என் போனும் வாளிக்குள் போனது.

மண்வெட்டியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் அதைத் தரையில் வைத்தேன். ஓர் ஓரக்கல்லில் பட்டு ‘ணங்’ என்றது. பாத்தியில் குனிந்திருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

பிறகு சிரிப்பு. முருகேஸ்வரி என்பவர்தான் விளக்கினார். மருந்து இருக்கும் இடத்தில் இரும்பு உரசினால் பொறி. அதனால் கம்பெனியில் கைக்கருவி எல்லாம் மரம், பித்தளை. இங்கே மருந்து இல்லை, ஆனாலும் பழக்கத்தில் மரக்குச்சியால்தான் கிளறுகிறார்கள். வேலிப் பக்கத்து மூலையில் மட்டும் கல்லும் சரளையும் இறுகிக் கிடக்கிறது. குச்சி இறங்காது. இரண்டு வருடமாகத் தரிசு. வீட்டு ஆண்களைக் கூப்பிடலாமே என்றேன்.

“கூப்பிட்டா மூலை நமக்கு வரும். தோட்டம் அவுகளுக்குப் போயிரும்” என்றார்.

எல்லோரும் வேலை செய்துகொண்டே ஒருவரை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தபடி இருந்தார்கள். பாக்கியம். நாற்பத்து மூன்று வயது. தாயில்பட்டிப் பக்கம் வேலை, காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன். கர்ப்பப்பையில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு ஹீமோகுளோபின் குறைந்தது பத்து இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன மாதம் 8.9. ஆடிக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் சேராவிட்டால் தீபாவளி முடியும்வரை லீவு கிடையாது. அதுவரை உதிரப்போக்கு. இன்று மறுபடி பார்க்கிற நாள்.

ஜெசிந்தா அக்கா சர்ச்சில் காலைப் பூசை முடிந்து 9.15க்கு வந்தார். கைப்பையில் ரத்தம் பார்க்கும் சின்னக் கருவி. பாக்கியம் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார். நக ஓரத்தில் இருந்த அலுமினியத் தூளின் சாம்பல் நிறம் போகவில்லை. விரல் நுனியில் குத்து. ஒரு சொட்டு.

10.3.

அக்கா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. “இன்னொரு கையக் குடு.”

10.1.

“ரெண்டுல பெருச எழுதிக்கிடுங்க சிஸ்டர்” என்றார் முருகேஸ்வரி.

“ஆஸ்பத்திரியில அவுக எடுக்கிறதுதான் கணக்கு. நாளைக்கே போயிரு பாக்கியம். டீக்கடைப் பக்கம் திரும்பிறாத.”

பாக்கியம் விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே என்னிடம் வந்தார்.

“தம்பி, அந்த மம்பட்டிய இங்கன குடுங்க.”

நேராக மூலைக்குப் போனார். பின்னாலேயே வந்த முருகேஸ்வரி நான்கடி தள்ளி நின்றுகொண்டார். “மதினி, ஓடணும்னா முன்னாடியே சொல்லிட்டுக் கொத்துங்க.”

முதல் வெட்டு. எல்லார் தோளும் ஒரு கணம் ஏறி இறங்கியது. என்னுடையதும். கல்லில் இரும்பு பட்ட சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது வெட்டில் ஒரு கல் புரண்டது. மூன்றாவதில் அக்கா மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, ஆபரேஷனுக்குப் போகிறவள் செய்கிற வேலையா என்று திட்டினார். அதற்குள் வேறொருவர் கை நீட்டிவிட்டார். பதினொரு மணிக்குள் முழங்கை ஆழம் இறங்கியிருந்தது.

கேப்பை அடை, முருங்கைக்கீரை போட்டது. டீ கிடையாது. சாப்பாட்டை ஒட்டி டீ குடித்தால் கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் சேராது என்பது அக்காவின் சட்டம். எலுமிச்சைச் சாறு தந்தார்கள். 11.40க்குப் பேருந்து. விருதுநகரில் பொரித்த பரோட்டா. அதற்கு எந்தச் சட்டமும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு காலை மட்டும், ஆடிக்கு முன்பு அல்லது பொங்கல் கழிந்து. தண்ணீர்ப் பாட்டில் எடுத்துப் போங்கள், வெயில் ஒன்பதுக்கே ஏறிவிடும். செய்ய நினைப்பவர்களுக்கு: முதலில் மண். இவர்கள் அந்த மூலை தவிர மற்ற இடத்தில் இளகிக் கிடந்த மேல்மண்ணை ஓரடி கூடையில் அள்ளிப் போட்டுவிட்டுக் கரிசல் நிரப்பியிருக்கிறார்கள். மண் சோதனைக்குக் கொடுக்கும்போது கன உலோகத்தைத் தனியாகக் கேளுங்கள், வழக்கமான சோதனையில் அது வராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ரசாயன டிரம்மில் செடி வைக்காதீர்கள். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாக்கியத்தின் ரத்த அளவை ஏற்றியது கீரை மட்டுமில்லை. தினமும் இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. ஆனால் ஒருவர் மாத்திரையை விழுங்கினாரா என்று பதினொரு பேர் கேட்கிற இடம் அந்த நான்கு சென்ட்தான். எங்கள் தெருவில் எட்டு மாதமாக இல்லாதது அதுதான் என்று திரும்பும் வழியில் தோன்றியது.

வியாழக்கிழமை அக்காவிடமிருந்து செய்தி. ஆஸ்பத்திரியில் 10.2. அட்மிஷன் போட்டாயிற்று. கீழே இன்னொரு வரி: “மூலையில என்ன போடலாம்னு பாக்கியம் கேக்குறா. வந்து அவளே நடுவாளாம், அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாதாம்.”