கத்திரி விட்டுப் படித்த பக்கங்கள்

பதிப்பகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்திரி. எண்ணூறு, தொள்ளாயிரம் பக்கம் என்று தலையணை கனத்தில் இருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நூற்றிருபது பக்கமாகச் சுருக்குவதுதான் முப்பத்தொரு வருடம் அவர் பார்த்த வேலை. சிவப்புப் பென்சிலோடு உட்காருவார். யாராவது ஊரை விட்டு ஓடினால், கல்யாணம் செய்தால், செத்தால் அந்தப் பத்தி தப்பிக்கும். உட்கார்ந்து யோசிக்கிறவர்கள், ஜன்னல் வழியே மழை பார்க்கிறவர்கள், ஒரே துக்கத்தை இரண்டாம் தடவை படுகிறவர்கள் எல்லாரும் அம்போ. இருபது வயதில் இதே நாவல்களைச் சோறு தண்ணீர் மறந்து படித்த மனிதர் அவர். வேலை அதையெல்லாம் துடைத்துவிட்டது.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் மனைவிக்கு வலது கண் போனது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்பு வட்டம். இடது கண் மட்டும் நன்றாக இருந்தது. சோதனை முடிந்து அவள் வெளியே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, கண் மருத்துவர் இவரை உள்ளே கூப்பிட்டார்.

"இடது கண்ணும் ஒரு வருஷத்துல இப்படித்தான் ஆகும். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. படிக்கிறதாலயோ பாக்கிறதாலயோ ஒண்ணும் கெடாது. அவங்க பாக்கணும்னு நினைக்கிறதை எல்லாம் இப்பவே பாத்துடட்டும். நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன் டாக்டர்."

வெளியே வந்து சொன்னார். "சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்கு ஓய்வு குடுத்தா இடது கண் தப்பிச்சுடுமாம்."

பயம். வேறொன்றுமில்லை. அவள் தாங்கமாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தாங்கமாட்டாதவர் யார் என்பது நமக்குத் தெரியும்.

அவளோ சொன்ன சொல் தட்டாமல் அந்தக் கண்ணைப் பொத்திப் பொத்தி வைத்தாள். செய்தித்தாளை நிறுத்தினாள், படம் பார்ப்பதை நிறுத்தினாள். மகள் அனுப்பிய பேத்தியின் படங்களைக்கூட, "சரியானப்புறம் ஆசை தீரப் பாத்துக்கறேன்" என்று ஒதுக்கிவிட்டாள். பகலெல்லாம் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருப்பாள். மூன்று மாதம் இப்படிப் போனது. நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட்டதும் அவர்தான். உண்மையை மட்டும் சொல்லவில்லை.

நாலாம் மாதம் அவளே கேட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு குண்டு நாவல் படிச்சேங்க. ஆத்தங்கரையில மரக்கடை வச்சிருந்த குடும்பக் கதை. நீங்ககூட சுருக்கினீங்களே? அதை முழுசாப் படிச்சுக் காட்டுங்களேன்."

நூலகத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் வாசிப்பு. பழைய புத்தி லேசில் விடுமா? வர்ணனை வந்தால் கண் தானாகத் தாவியது. யாராவது யோசிக்க ஆரம்பித்தால் இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது. இப்படியே நாலு நாள் ஓடியது.

ஐந்தாம் நாள் அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "அத்தை எங்க?"

"எந்த அத்தை?"

"மரக்கடைக்காரரோட அக்கா. நாலாம் அத்தியாயத்துலயே வந்து உக்காந்துடுவாளே. யாரும் கேக்காத உண்மையை எல்லாம் சொல்லிட்டு வாங்கிக் கட்டிக்குவா."

பின்னால் புரட்டினார். அத்தை பதினான்கு பக்கத்துக்கு நின்றுகொண்டிருந்தாள். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு வரி விடாமல் படித்தார். படிக்கப் படிக்க அவரே உள்ளே விழுந்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போதுகூட, இன்றைக்கு அந்த அத்தை என்ன சொல்லப்போகிறாளோ என்று இருக்கும். பத்தாம் நாள், தம்பி மகன் செத்த செய்தியைச் சொல்ல வீட்டில் எல்லாரும் தயங்க, அத்தை மட்டும் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லும் இடம் வந்தது. அதைப் படித்து முடித்துப் புத்தகத்தை மடியில் கவிழ்த்தார்.

"இதையா வெட்டினேன்?" என்றார்.

"முப்பது வருஷமாப் பிள்ளைங்களை ஏமாத்தியிருக்கீங்க" என்று அவள் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அன்னிக்கு டாக்டர் உங்களை உள்ள கூப்பிட்டு எவ்வளவு நேரம் பேசினார்?"

"ஒரு... பத்து நிமிஷம் இருக்கும்."

"என்கிட்ட வந்து ஒரே வரிதான் சொன்னீங்க."

மழுப்பலாம் என்று வாயைத் திறந்தார். முடியவில்லை. மருத்துவர் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை, ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். இப்பவே பாத்துடட்டும் என்ற இடத்தில் அழுதுவிட்டார்.

அவள் அழவில்லை. "நாலு மாசம்" என்றாள். "நாலு மாசமா நல்ல கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"தெரியாமப் பண்ணிட்டேம்மா. இனிமே எதையும் விடமாட்டேன். நான் படிக்கிறேன், நீ கேளு."

"புத்தகத்தைக் குடுங்க."

கொடுத்தார். அவள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, முதல் பக்கத்தைத் திருப்பி, இடது கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். அவர் பக்கத்தில் போய் நின்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார்.

"நீங்க அப்புறமாப் பேசலாம்" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "இப்ப நகருங்க. வெளிச்சத்தை மறைக்கறீங்க."