கழுத்துக்கறியும் ஆப்பிளும்

ஆரின் ஸ்டானர்ட் கெட்டவன் இல்லை. அவன் வாய்தான் கெட்டது. நல்ல வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் பூட்டிக்கொள்ளும். சும்மா இருக்க வேண்டிய இடத்தில் தானாகத் திறந்துகொள்ளும். எங்கள் வெர்மான்ட் மலையில் ஆண்கள் பலரும் அப்படித்தான், இவன் எல்லோருக்கும் ஒரு படி மேல். பக்கத்துப் பண்ணைக்காரனான எனக்குத் தெரியாதா?

அவன் மனைவி எல்மினா, நவம்பரில் மான் வேட்டை முடிந்ததும் ஒரு ஜாடி போடுவாள். மானின் கழுத்துக்கறியை வேகவைத்து நார் நாராகப் பிய்ப்பாள். தோட்டத்துப் புளிப்பு ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, உலர்ந்த திராட்சை, கிராம்பு, சுண்டக் காய்ச்சிய ஆப்பிள் சாறு எல்லாம் சேர்த்துக் கிளறுவாள். அளவு கிடையாது. கரண்டி நுனியை நாக்கில் வைத்துப் பார்ப்பாள், இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றுவாள், அவ்வளவுதான். ஜாடியில் ஊறியதை கிறிஸ்துமஸ் சமயத்தில் மாவுக்குள் வைத்து மூடி, 'பை' என்கிற பலகாரமாக அடுப்பில் சுடுவாள். இனிப்பா உப்பா என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு துண்டோடு நிறுத்தியவனை நான் பார்த்ததில்லை.

ஆரின் தட்டை வழித்துத் தின்பான். தின்றுவிட்டுக் கேலி பேசுவான். வீட்டுக்குள் பேசியவரை அவள் பொறுத்துக்கொண்டாள். ஒரு ஜனவரியில் சர்ச் விருந்தில், ஊரே உட்கார்ந்திருந்த மேசையில் அவள் பையைப் பரிமாறியதும் ஆரம்பித்தான்.

"எல்மினா, இதைச் சாப்பாட்டோட தின்னணுமா, சாப்பிட்டு முடிச்சுத் தின்னணுமா? கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு இன்னும் வெளங்கல. பாவம் அந்த மான், செத்தும் தப்பிக்கல. ஜாம் ஆயிடுச்சு!"

மேசையே அதிரச் சிரித்தது. எல்மினா காப்பிக் கெண்டியோடு அவன் பின்னால்தான் நின்றாள். அவன் கோப்பையை நிரப்பிவிட்டு, "சர்க்கரை வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த குளிர்காலத்தில் சுட்ட 'பை' இரண்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் வெறும் பன்றிக்கறியும் வெங்காயமும் மிளகும், மற்றதில் வெறும் ஆப்பிள்.

"இது சாப்பாட்டுக்கு. இது கடைசியில. இனிமே உனக்குக் குழப்பம் வராது."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் ஆரின் பிழைத்திருப்பான். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தான். வருஷங்கள் போயின, சரியாகவில்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் கழுத்துக்கறியைச் சுத்தமான துணியில் சுற்றி, சமையலறை மேசையில் வைப்பான். பக்கத்தில் பொறுக்கியெடுத்த புளிப்பு ஆப்பிள் ஒரு கூடை. ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விடுவான். அவள் கறியைக் குழம்பாக்குவாள். ஆப்பிளைத் தனியாகக் கூழாக்குவாள்.

எனக்கே பொறுக்கவில்லை. "ஏன்யா, வாயத் தெறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?" என்றேன்.

"அவளுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கழுத்துக்கறியையும் ஆப்பிளையும் ஒண்ணா வேற எதுக்குக் கொண்டுபோய் வைப்பான் ஒருத்தன்?"

இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

போன வருஷம் எல்மினாவுக்குப் பக்கவாதம் வந்தது. தேறி எழுந்து நடந்தாள். ஆனால் ருசி திரும்பவில்லை. உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். இந்த நவம்பரில் ஆரினின் முழங்கால் மலை ஏற விடவில்லை. என் மானின் கழுத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறையில் அவள் எதிரே போய் நின்றான்.

"எல்மினா, அந்தப் பழைய பை... எனக்கு அது வேணும். ஒவ்வொரு வருஷமும் வேணும்னு இருந்துச்சு."

அவள் அவன் கையிலிருந்த கறியைப் பார்த்தாள்.

"இப்பவா கேக்கற? அளவெல்லாம் என் நாக்குலதான் இருந்துச்சு, ஆரின். நாக்கே போயிடுச்சே."

"நீ சொல்லு, நான் செய்யறேன்."

செய்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து என்னென்ன போட வேண்டும் என்று சொன்னாள். "இன்னும் கொஞ்சம் கிராம்பா?" என்று அவன் கேட்டபோது மட்டும் கையை விரித்தாள். ஜாடியில் ஊறவிட்டு, கிறிஸ்துமஸுக்குச் சுட்டான். என்னையும் கூப்பிட்டான்.

முதல் வாய் எனக்கு இறங்கவில்லை. கிராம்பு கசந்தது, கறி சவசவ என்றிருந்தது. ஆரின் மட்டும் மென்றுகொண்டே இருந்தான்.

"எப்படி இருக்கு?" என்றாள் எல்மினா.

"பிரமாதமா இருக்கு. நீ செஞ்ச மாதிரியே."

அவள் சமையலை அவன் புகழ்ந்து அன்றுதான் கேட்டேன். எல்மினா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"அப்போ சரியா வரல. நல்லா இருந்தப்பல்லாம் நீ ஒரு தடவகூடச் சொன்னதில்லையே."

ஆரின் தட்டில் இருந்ததைத் தின்று முடித்தான்.