பாஸ் சொன்ன அம்மா

நானும் என் மனைவியும் செய்த மிக்ஸி, ஓடும்போது பக்கத்து வீட்டு ரேடியோவை இரைய வைக்கக் கூடாது என்பது விதி. அந்தச் சோதனையில் தேறினால்தான் விற்கலாம். இரண்டு முறை தோற்றிருந்தோம். சேலத்துச் சோதனைக்கூடத்தில் சோதிப்பவர் ஐம்பது வயது அம்மா. கழுத்தில் சிலுவை டாலர், தலை நிறையக் கனகாம்பரம். எந்தக் கருவியையும் தட்டிக்கொடுத்து, "பயப்படாத சாமி" என்ற பிறகே சுவிட்சைப் போடுவார்.

மூன்றாம் முறை, கணினித் திரையில் இரைச்சலைக் காட்டும் கோடு எல்லைக்குக் கீழேயே ஓடி முடிந்தது.

"பாஸுங்க!" என்று எங்களுக்கு முந்தி அவர் துள்ளினார்.

"ஏனுங்க, எங்களவிட உங்களுக்குச் சந்தோஷமா இருக்குதுங்களே?" என்றேன்.

"ஃபெயிலு ஃபெயிலுன்னு சொல்லியே வாய் கசந்து போச்சுங்க. இன்னொருக்கா ஓட்டிப் பாக்கலாமுங்களா?"

தேவையே இல்லை. ஆனாலும் ஓட்டினார். கோடு மறுபடி கீழேயே போக, மூவரும் சிரித்துக்கொண்டே பார்த்து நின்றோம். தேறிய எல்லோருக்கும் இரண்டாம் தடவை ஓட்டுவாரா, எங்களுக்கு மட்டும்தானா, இன்றுவரை தெரியவில்லை.