தோணிக்காரனைத் தேடி வந்தவர்

போன வருஷம் கார்த்திகை மாதம். விடாமல் கொட்டிய மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய ஒரு சின்னப் பூங்காவில் நடந்தது இது. பெஞ்சு ஈரமாக இருந்ததால் பிளாஸ்டிக் பையை விரித்து உட்கார்ந்திருந்தேன். வீட்டில் கேஸை மூடினேனா இல்லையா என்ற யோசனையிலேயே பாதி உயிர் போய்க்கொண்டிருந்தது. என் சுபாவம் அப்படி. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை வந்து, மறுபடி திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

மந்தைவெளியில் வீட்டிலிருந்தபடியே புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆனால் படிக்கிற ஆசை மட்டும் நிற்கவில்லை. மயிலாப்பூரில் எனக்குப் புடவை கொடுக்கிற மாமி ஒருவர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் புத்தக அலமாரியை நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்துவிட்டு, ஒரு நாள் கேட்காமலேயே ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தார். அப்புறம் அவர் நடத்துகிற வாசகர் குழுவிலும் சேர்த்துவிட்டார். ஒரே புத்தகத்தை எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பது, ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூடிப் பேசுவது, மற்ற நாளில் வாட்ஸப்பில் குரல் பதிவாகக் கருத்துச் சொல்வது. ஒரே ஒரு சட்டம்தான். மற்றவர்கள் எட்டாத இடத்தை முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது.

அப்போது நாங்கள் படித்துக்கொண்டிருந்தது உலகமெல்லாம் பேர் போன ஒரு பழைய மாயக் காவியம். தமிழில் மூன்று பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம். சூரியன் அணைந்துபோன ஒரு நாடு. கடலுக்கு அப்பால் ஒரு தீவில் சூரியனின் கடைசிக் கங்கு இருக்கிறது. அதை எடுத்துவர ஒரு இளவரசியும் அவள் கூட்டாளிகளும் பனிமூட்டக் கடலில் புறப்படுகிறார்கள். அவர்களைத் தோணியில் ஏற்றிப் போகிறவன் ஒரு தோணிக்காரன். வீரன் எல்லாம் இல்லை. எதைக் கண்டாலும் பயம், வாயைத் திறந்தால் புலம்பல். ராட்சசர்களும் மந்திரவாதிகளும் நிறைந்த அந்தக் கதையில் எனக்கு அவனை மட்டும்தான் புரிந்தது.

குழுவில் அவனைப் பிடித்த இன்னொரு ஆள் ஒரு பெண். பட்டினப்பாக்கம் பக்கத்துக் குப்பம், அப்பா மீன் பிடிக்கிறவர். காலேஜில் முதல் வருஷம். பூங்காவுக்கு வந்தால் என் பக்கத்தில்தான் உட்காருவாள். ஜிகினா ஒட்டிய ரோஸ் கலர் உறை போட்ட போன் எப்போதும் கையில் இருக்கும். பயம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு தடவை வேளச்சேரியிலிருந்து வருகிற ஐ.டி. தம்பி, "அந்தத் தோணிக்காரன் வெறும் காமெடி பீஸ். அவனைத் தூக்கிட்டா கதை இன்னும் ஸ்பீடா போகும்" என்றார். இவள் விடவில்லை.

"அண்ணா, நீ ஒரு தபா எங்க போட்ல ஏறிப் பாரு. அலை தூக்கி அடிக்க சொல்லோ யாரு காமெடி பீஸுன்னு தெர்யும்."

எல்லோரும் சிரித்தோம், அந்தத் தம்பி உட்பட. என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, அந்தாளு அச்சு அசல் எங்க நைனாதான்க்கா. கெளம்ப சொல்லோ கடல திட்டும், காத்த திட்டும், 'இன்னிக்கு எவனும் போவ வேணாம்'னு கத்தும். அப்பறம் பாத்தா அதுதான் மொத ஆளா போட்ட தள்ளிக்கினு நிக்கும்."

நான் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டேன். படிக்காதவள் ஏதாவது உளறிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். மாமி, "ஏம்மா, நீயும் ஒரு வார்த்தை சொல்லேன். யாரும் உன்னைக் கடிச்சுட மாட்டா" என்பார். சிரித்துவிட்டு இருந்துவிடுவேன்.

ஆனால் அடுத்து என்ன ஆகுமோ என்று காத்திருக்கிற தைரியமும் எனக்குக் கிடையாது. மூன்றாம் பாகத்தை யாருக்கும் சொல்லாமல் கடைசி வரை படித்து முடித்துவிட்டேன். தோணிக்காரனுக்கு நேர்ந்ததைப் படித்ததும் மனசு ஆறவில்லை. ஃபால்ஸ் ஊசி கையில் ஓடவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினேன். சீக்கிரம் படித்து முடி என்று மட்டும் சொல்லத்தான் நினைத்தேன். ஆரம்பித்ததும் எல்லாமே கொட்டிவிட்டது. "எல்லாரும் தப்பிச்சுப் போயிட்டாங்கம்மா. தோணிக்காரனை மட்டும் அங்கேயே விட்டுட்டுப் போயிட்டாங்க. அவனைக் கூட்டிட்டு வர ஒருத்தர்கூடத் திரும்பிப் போகலையே" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் சட்டம் நினைவுக்கு வந்தது. அழித்துவிடலாம் என்று பார்த்தால், அவள் கேட்டுவிட்ட அடையாளம் நீலமாக விழுந்திருந்தது. பதில் இல்லை.

அதோடு அவள் பேச்சே நின்றது. குழுவிலும் இல்லை, பூங்காவுக்கும் வரவில்லை. கதை முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்ட கோபம் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். மறுபடியும் நீலக் கோடு மட்டும். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள் என்றால் எவ்வளவு கோபம் இருக்கும்! முதல் தடவையாக ஒரு புத்தகத்தைப் பற்றி என் மனசில் பட்டதைச் சொன்னேன், அதிலேயே ஒரு குழந்தையின் சிநேகிதம் போய்விட்டதே என்று சோறு இறங்கவில்லை.

"சின்னப் பொண்ணு, காலேஜ்ல பரீட்சை இருக்கும். ஊர்ல நடக்கற எல்லாத்தையும் நீயே ஏன் தலையில தூக்கிண்டு அலையற?" என்று மாமி கடிந்துகொண்டார்.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசி அத்தியாயத்தைப் பற்றிப் பேசுகிற நாள். மாமி, "இதுக்குப் பேர்தான் தியாகம்" என்றார். வேளச்சேரித் தம்பி, "லாஜிக்கே இல்ல மேடம். ஜெயிச்சப்புறம் ஒரு படகு அனுப்ப முடியாதா?" என்றார். அவர் சொல்வதுதான் சரி என்று எனக்கும் பட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் பூங்கா வாசலில் ஒருவர் தயங்கி நிற்பதைப் பார்த்தேன். மடித்துக் கட்டிய வேட்டி, பல நாள் தாடி, வெயிலில் கறுத்த முகம். கையில் அந்த ரோஸ் கலர் போன்.

பெண்ணை அழ வைத்தது யார் என்று கேட்கத்தான் அப்பாவே வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இங்க புஸ்தகம் படிச்சி பேசுவாங்கன்னு போன்ல போட்டிருந்துச்சு. அது நீங்கதானா?" என்றார்.

"ஆமாம், வாங்கோ வாங்கோ. புதுசா சேர வந்திருக்கேளா?" என்று மாமி இடம் ஒதுக்கினார்.

"சேர வர்ல. இதுல தோணிக்காரன்னா யாரு?"

வேளச்சேரித் தம்பி சிரித்துவிட்டார். "அவரைத்தான் சார் நாங்களும் இவ்ளோ நேரமா தேடிட்டு இருக்கோம்."

அவர் சிரிக்கவில்லை. போனை அழுத்தினார். அதிலிருந்து என் குரல் வந்தது. "ஸாரிம்மா, கோச்சுக்காதே. தோணிக்காரனைப் பத்தி நான் உன்கிட்ட சொல்லியிருக்கவே கூடாது."

"இது யார் கொரலு?"

எழுந்து நின்றேன். "நான்தாண்ணா. தப்புதான். பாப்பாகிட்ட நானே நேர்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன். அவ கூட வரலியா?"

"அது பூட்ச்சிம்மா" என்றார்.

மேம்பாலத்தில் பறக்கும் ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்ததும் நடந்ததைச் சொன்னார்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்களாம். டெங்கு என்றார்களாம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவள் கோபித்துக்கொண்டிருப்பதாக நான் நினைத்த நாட்களில் அங்கே காரியமே முடிந்துவிட்டிருந்தது. நீலக் கோடு விழ வைத்தது அவள் இல்லை. பெற்றவர்கள் இருவரும் அந்தப் போனைத் திறந்து வைத்துக்கொண்டு, வருவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். துக்க வீட்டில் போய் என் ஸாரி ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் நின்றபடியே சொன்னார். "ஆஸ்பத்திரில ஏதோ ஒண்ண காதுல வெச்சி கேட்டுக்கினு இருந்துச்சு. திடீர்னு அழுதுச்சு. இன்னாம்மான்னு கேட்டேன். 'தோணிக்காரன் பாவம் நைனா'ன்னுச்சு. யாரு அதுன்னு கேக்கறதுக்குள்ள உள்ள இட்னு பூட்டாங்க. அப்பறம் பேச்சே இல்ல."

அவரும் மனைவியும், தோணிக்காரன் ஏதோ ஒரு பையன் என்று நினைத்துவிட்டார்கள். படகில் போகிற பையன் யாரையோ மகள் விரும்பியிருக்கிறாள், அவன் கடலில் மாட்டிக்கொண்டான், அதைத்தான் இந்த அக்கா சொல்கிறாள் என்று. எந்தக் குப்பத்தில் எந்தப் படகு கரை திரும்பவில்லை என்று காசிமேடு வரைக்கும் போய் விசாரித்திருக்கிறார்.

"அடிக்கறதுக்கு இல்லம்மா" என்றார், நான் பயப்படுவது தெரிந்தோ என்னவோ. "அப்டி ஒரு பையன் இருந்தா அவனுக்கும் தெர்யணும்ல? எங்க கூட குந்தி அவனும் அழட்டுமேன்னுதான். எங்க ரெண்டு பேருக்கும் அது ஒண்ணுதான் பொண்ணு."

மாமியைப் பார்த்தேன். மாமி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். என் பையிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்தேன். அட்டையில் பனிமூட்டமும் ஒரு தோணியும் விளக்குப் பிடித்த ஒரு உருவமும் போட்டிருக்கும். அந்த உருவத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இவர்தாண்ணா தோணிக்காரன். கதையில வர்றவர்."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"கதையா?"

"ஆமாண்ணா."

"அப்ப யாரும் இல்லியா?"

அந்தக் கேள்வியை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். மகளுக்காக அழ இன்னும் ஒரு ஆள் எங்கேயோ இருக்கிறான் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் தேடியிருக்கிறார். அந்த ஆளையும் நான் இல்லாமல் செய்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஈரம் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "அண்ணா, அவ என்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கா. அந்தத் தோணிக்காரன் அப்படியே எங்க நைனான்னு சொன்னா. கிளம்பும்போது கடலைத் திட்டுவீங்களாம், காத்தைத் திட்டுவீங்களாம். அப்புறம் முதல் ஆளா நின்னு படகைத் தள்ளுவீங்களாம். அவளுக்குத் தோணிக்காரன்னா நீங்கதாண்ணா. உங்களை நினைச்சுத்தான் அழுதிருக்கா."

"என்னியா?" என்றார். "அப்டியா சொல்ச்சு? கேடி…" சிரிக்கத்தான் ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்து, சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. நாங்கள் எல்லோரும் அழுதோம். அவர் தேடி வந்தது ஒரு பையனை. அவருடன் சேர்ந்து அழக் கிடைத்ததோ, பெண்ணைச் சில ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே பார்த்திருந்த நாங்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "கடைசில அவன் இன்னாதான் ஆனான்? சொல்லு."

சொன்னேன். அந்தக் கடைசிக் கங்கு கைக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் பனிமூட்டத்தில் திசை தெரியாது. பின்னால் தீவின் கரையில் யாராவது ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான், அதைப் பார்த்துப் பார்த்து நேராகத் துடுப்புப் போட முடியும். வீரர்களெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அந்தப் பயந்தாங்கொள்ளிதான் திட்டிக்கொண்டே விளக்கை வாங்கிக்கொள்கிறான். தோணி போய்விடுகிறது. அவன் நிற்கிறான். அதோடு கதை முடிகிறது.

"அவர் செத்துட்டாருன்னு எங்கயும் போடலண்ணா" என்றார் வேளச்சேரித் தம்பி. தோணிக்காரனைக் காமெடி பீஸ் என்று சொன்ன அதே தம்பி.

அந்த அப்பா ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "சரியாத்தான் எழுதிக்கீறான். கரையில ஒர்த்தன் வெளக்க புட்சிக்கினு நின்னாத்தான் போறவங்க வழி தப்பாம போய்ச் சேருவாங்க. அதுக்கு பயந்தவன்தாம்மா சரி. பயமில்லாதவன் வெளக்க கீழ வெச்சிட்டு தூங்கிடுவான்."

நாங்கள் வாரக்கணக்கில் பேசிய கருத்துகளில் ஒன்றுகூட இந்த மாதிரி என்னைத் தொடவில்லை. இதை யாரும் பாராட்டவும் இல்லை. பாராட்டுகிற நேரமா அது?

மாமி மூன்று பாகத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "எனக்கு எழுத்து கூட்டித்தான் வரும். எங்க படிக்கறது?" என்று மறுத்துவிட்டார். கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒன்று மட்டும் கேட்டார். "அந்த நம்பர கூட்டத்திலேர்ந்து எட்துடாதீங்கம்மா. அவங்கம்மா டெய்லி சார்ஜ் போட்டு வெச்சிக்கீது. நீங்க பேசறது கேட்டுக்கினு இருக்கும்."

நாங்கள் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வேறு புத்தகங்கள் வந்துவிட்டன. இப்போது நானும் குழுவில் பேசுகிறேன், உளறலாக இருந்தாலும் பரவாயில்லை என்று. பேசி அனுப்பிவிட்டு, யார் யார் கேட்டார்கள் என்று பார்க்கும்போது அந்த எண்ணும் அதில் வந்துவிடும், சில நாள் எல்லோருக்கும் முன்னாலேயே. அதைப் பார்த்த பிறகுதான் போனை வைத்துவிட்டு ஊசியை எடுக்கிறேன். எதற்கெடுத்தாலும் பதறுகிற என் மனசு மட்டும் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் பயத்தோடேயே விளக்கைக் கீழே வைக்காமல் ஒரு தாயும் தகப்பனும் பட்டினப்பாக்கம் கரையில் நிற்கிறார்கள் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், என் பயத்தை நினைத்து நான் வெட்கப்படுவதை நிறுத்திவிட்டேன்.