பீப்பி பிடுங்கிய செருப்பு

உமாராணி வாசற்படியில் உட்கார்ந்து, மகனின் செருப்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கொண்டை ஊசியால் குதிகால் பக்கத்தைக் குடைந்துகொண்டிருந்தாள். நடந்தால் பீப்பி ஊதும் செருப்பு. குறிஞ்சிப்பாடியிலிருந்து அவள் அம்மா வாங்கி வந்தது. இரண்டு செருப்பிலிருந்தும் சின்ன பிளாஸ்டிக் ஊதலை நெம்பி எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். உள்ளே அவள் கணவன் அறிவுச்செல்வன் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தான்.

மந்தாரக்குப்பத்தில் நான் அடுத்த போர்ஷனில் இருக்கிறேன். எங்களுக்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும். டவுன்ஷிப்பில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பயிற்சி எடுத்து, அங்கேயே வேலை பார்த்து ஓய்ந்தவள் நான். அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை எப்போது தூங்குகிறது, எப்போது தூங்கவைக்கப்படுகிறது என்பது காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

உமாராணி நெசவு வீட்டுப் பெண். தறிச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவள். சத்தம் நின்றால்தான் அவளுக்கு விழிப்பு வரும். கல்யாணமாகி வந்தது ஒரே அறை உள்ள வீட்டுக்கு. கரண்டி விழுந்தால் எழுந்துவிடுகிற கணவன். நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை அவனுக்கு. போன மாதம், கரி கொண்டுபோகிற, ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். சூப்பர்வைசர் தட்டி எழுப்பினார். இன்னொரு தரம் நடந்தால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவோம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். பாஸ் போனால் வேறு வேலை தேடலாம், பெல்ட்டில் விழுந்தால் என்ன செய்வது என்று உமாராணி என்னிடம் ஒரு தரம் கேட்டாள்.

அதனால் மகன் நிலவனையும் அவள் ஷிப்ட்டில் போட்டாள். அப்பன் படுக்கும்போது பிள்ளையும் படுக்க வேண்டும். நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் தூக்கம். ஷிப்ட் மாறினால் தூக்கமும் மாறும். கைக்குழந்தையாக இருந்தவரை அது நடந்தது. டீக்கடை தனகோட்டி, "சின்னவருக்கு இந்த வாரம் என்னா ஷிப்ட்டும்மா?" என்று கேலி செய்வாள். இவளும் சிரித்துக்கொண்டே, அப்பனும் பிள்ளையும் ஒரே ஷிப்ட்டு என்பாள்.

இரண்டு வயது தாண்டியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. காலையில் அடித்தாலும் தூங்கமாட்டான். சாயங்காலம் சோற்றுத் தட்டிலேயே சாய்வான். இந்த வயதில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம், அது வராவிட்டால் இருட்டிய அறையில் பொம்மையோடு சும்மா படுத்திருந்தாலே போதும், வாரத்துக்கு வாரம் தூக்கிப் போட்டுப் பந்தாடக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதெல்லாம் ஜெனரல் ஷிப்ட்டு வூட்டுக்கு சரி பெரீம்மா," என்றாள். "எங்க வூட்டுக்கு ஆவாது."

என் பின்பக்கத்து அறையில் அறிவுச்செல்வன் படுத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன். பொண்டாட்டி பிள்ளை இருக்கிறபோது பகலில் அடுத்தவர் வீட்டில் போய்ப் படுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவன் மறுத்துவிட்டான்.

செருப்பின் வாயை அடைத்த அன்று காலையிலும் நிலவனைப் பக்கத்தில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் கிறீச்சிடும் என்பதால் கதவை வெறுமனே சாத்தியிருந்தாள். விடியுமுன் எழுந்தவள் என்பதால், தட்டிய கை அப்படியே நிற்க, அவளும் தூங்கிப்போனாள்.

கரண்ட் போய் ஃபேன் நின்றதும் விழித்தாள். பக்கத்தில் பிள்ளை இல்லை. செருப்பும் இல்லை.

அவள் குரல் கேட்டு நான் ஓடினேன். மற்ற நாட்களில் பீப்பிச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். எந்தச் சந்துக்குள் இருக்கிறான் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லலாம். அன்று எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியவில்லை. அறிவுச்செல்வன் லுங்கியோடு ஒரு பக்கம் ஓடினான். நாங்கள் ரோட்டுப் பக்கம் போனோம். வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

டீக்கடை முன்னால், அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றும் லாரி ஒன்று நின்றிருந்தது. டிரைவர் டீ குடித்துவிட்டு ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டார். கிளாஸ் கழுவிய தண்ணீரை ஊற்றக் குனிந்த தனகோட்டி, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சின்னச் செருப்பைப் பார்த்தாள். கையிலிருந்த குண்டானாலேயே லாரியை அடி அடியென்று அடித்தாள். வண்டி நின்றது. லாரிக்கு அடியில், நிழலில், வாயில் விரலோடு, நிலவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அது அவனுடைய தூக்க நேரம்.

டிரைவர் இறங்கி, பெற்றவளா நீ என்று திட்டினார். உமாராணி அழவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டு, அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் புடுங்கினேன்," என்றாள். "அவரு தூங்கணும்னு நான்தான் பீப்பியப் புடுங்கினேன்."

அதற்குப் பிறகு அறிவுச்செல்வன் படுக்கவே இல்லை. இந்தக் கண்ணோடு பெல்ட் பக்கம் போகாதே என்று அவள் கெஞ்சினாள். லீவு போட்டாலும் பாஸ் போகும் என்றான். கிளம்பும்போது என் வாசலில் நின்றான். முகத்தைப் பார்க்காமல், "பின்னாடி ரூம்ல ஃபேன் ஓடுதுங்களா?" என்று கேட்டான். ஓடும் என்றேன்.

மறுநாள் காலை, ஷிப்ட் பஸ் வருவதற்குள் உமாராணி வாசற்படியில் உட்கார்ந்து ஊதல்களைத் திரும்பச் சொருகினாள். ஒன்று உட்கார்ந்தது. மற்றொன்றின் துளை கொண்டை ஊசியில் கிழிந்துபோயிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பாவை நோக்கி நிலவன் ஒரு காலில் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டு ஓடினான். அறிவுச்செல்வன் சாப்பிட்டுவிட்டு, தலையணையை இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் என் வீட்டுப் பின்னறைக்குப் போனான். நிலவனுக்கு அவள் பாய் விரிக்கவில்லை. கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் புதுத் தாழ்ப்பாளை வைத்துப் பார்த்தாள். சுத்தியலை ஓங்கினவள், சுவருக்கு இந்தப் பக்கம் கணவன் படுத்திருப்பது நினைவு வந்து, அதைக் கீழே வைத்துவிட்டு, கதவைக் கயிற்றால் கட்டினாள்.