மிலாறு தின்ற இயந்திரம்

நான் ஒரு பொய் எழுதினேன். அதைத் திருத்துவதற்காக இன்னொரு பொய் சொன்னேன். முதற் பொய்யால் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயம் என்ற வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் குடும்பங்களின் அடுப்பு விறகு பறிபோயிற்று. இரண்டாவது பொய்யால் அங்கே குழந்தைகளை வைத்துப் பார்க்கும் அறையின் விளக்கு அணைந்தது. ஊவா மாகாணத்துக்கு நான் மூன்று தடவை போய்வந்த விபரத்தை இங்கே எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை.

முதற் பயணம் 1979 மாசியில். அரசாங்க வேலையிலிருந்து இளைப்பாறிய பின் கொழும்பில் ஒரு தனியார் பட்டறையில் ஆலோசகனாகச் சேர்ந்திருந்தேன். எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். விறகை முழுதாக எரியவிடாமல், காற்றை அளந்து விட்டுப் புகையவைத்தால், எரியக்கூடிய ஒரு வாயு வரும். அதைக் குளிரவைத்து, தென்னந்தும்பு அடைத்த பெட்டிக்குள்ளால் வடித்து அனுப்பினால் பழைய லொறி எஞ்சின் ஒன்று பெற்றோல் இல்லாமலே ஓடும். அந்த எஞ்சின் ஒரு சிறிய மின்பிறப்பாக்கியைச் சுற்றும். அந்த இயந்திரத்தின் வரைபடம் என்னுடையது. முப்பத்தெட்டாயிரம் ரூபாவுக்கு விற்பது என்று பட்டறைக்காரர் தீர்மானித்திருந்தார். விற்கமுன் ஒரு தோட்டத்தில் ஓட்டிப் பார்த்து அறிக்கை எழுதவேண்டியது என் பொறுப்பு.

இயந்திரம் லொறியில் முன்னே போய்விட்டது. நான் கோட்டையிலிருந்து காலைப் புகையிரதத்தில் புறப்பட்டேன். பதுளை நூற்றெண்பது மைல். நானுஓயாவில் கம்பளிச் சட்டையைப் போட்டு, பண்டாரவளையில் கழற்றினேன். தெமோதரையில் வண்டி நின்றபோது எதிர் இருக்கைக்காரர் என் முழங்கையைப் பிடித்து யன்னல் பக்கம் இழுத்தார். பசறையில் அரிசி ஆலையும் இரும்புக்கடையும் வைத்திருக்கும் காதர் முதலாளி அவர்.

"கீழ பாருங்க மாத்தயா. இப்ப நிக்கிற இந்த ஸ்டேஷனுக்கு அடியாலதான் இதே ரயில் போகப் போகுது."

அப்படியே நடந்தது. வண்டி குன்றைச் சுற்றி இறங்கி, நாங்கள் நின்ற நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் நுழைந்தது. சரிவை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பயணக் காரணத்தைக் கேட்டார். சொன்னேன்.

"வெறகத் திண்டுட்டு கரண்டு கக்குமா?"

"ஓம். பெற்றோல் ஒரு சொட்டும் தேவையில்லை."

"போன வருஷம் ஒருத்தன் மயிர் முளைக்கிற எண்ணெய் விக்க வந்தான். அவனும் இப்பிடித்தான் சத்தியம் பண்ணினான். அவனுக்கும் உங்களப் போல முன்னால வழுக்கை."

பெட்டி முழுவதும் சிரித்தது. இறங்கும்போது, இயந்திரம் ஓடினால் தன் ஆலைக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

மறுநாள் காலை ஏழரைக்குப் பதுளையிலிருந்து பசறைக்குப் பஸ். பன்னிரண்டு மைலுக்கு இரண்டேகால் ரூபா. வளைவுகளில் கூடைகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வழுக்கிப் போய், சொந்தக்காரரிடமே திரும்பி வந்தன. பசறையிலிருந்து தோட்டத்து லொறி என்னை ஏற்றிக்கொண்டது.

தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் இயந்திரத்தைப் பொருத்தினோம். காய்ந்த விறகு வேண்டும். விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை இருந்தால் நல்லது. அப்படிப்பட்ட விறகு லயத்து அடுப்புகளுக்கு மேலே பரணில் அடுக்கியிருந்தது. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கட்டையாக வெட்டிவிடுவார்கள். அந்த வேலையைக் கவ்வாத்து என்றும், வெட்டி விழும் கிளைகளை மிலாறு என்றும் சொல்வார்கள். மிலாறைப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் காயவைப்பார்கள். மழைக்காலம் முழுவதும் சோறு வேகுவது அதில்தான்.

லயத்துக்கும் விளக்குப் போடுவதாகப் பெரியதுரை சொல்லியிருந்தார். தோட்டத்து மனேஜரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லை நம்பி வீட்டுக்கு இரண்டு கட்டாகப் பெண்கள் மிலாறு கொண்டுவந்தார்கள். முதலில் வந்தவள் பாக்கியம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் பொறுப்பு அவளுடையது. நாற்பது வயதிருக்கும். கட்டை இறக்கிவிட்டு என் முன்னால் நின்றாள்.

"ஐயா, இது எங்க வெறகுங்க. கவ்வாத்து முடிஞ்சா மிலாறு லயத்துக்குத்தான். லைட்டு வருதுன்னு சொன்னதால குடுக்குறோம். அதையும் எழுதிக்கங்க."

"எழுதுவன்," என்றேன்.

கைத்துருத்தியைச் சுற்றி, வாயுக் குழாயின் வாயில் நெருப்புக்குச்சியைக் காட்டினேன். முதலில் மஞ்சளாகப் புகைந்து அணைந்தது. மூன்றாவது குச்சியில் பிடித்தது. மஞ்சள் வடிந்து, ஓரம் ஊதாவாக, நடு நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது. கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். வரைபடத்தில் வெறும் கோடாக இருந்த ஒன்று என் முன்னால் எரிந்தது. வால்வைத் திறந்ததும் எஞ்சின் இரண்டு தடவை செருமிவிட்டு ஓடத்தொடங்கியது. பெரியதுரையின் பங்களாவிலும் அலுவலகத்திலும் விளக்கு எரிந்தது. என் பிடிவாதத்தால் பிள்ளைக்காம்பராவிலும் ஒன்று. விடியுமுன் ஆட்களை வேலைக்குப் பிரித்தனுப்பும் பெரட்டுக் கூப்பிடும்போதே தாய்மார் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்த நேரம் அங்கே ஒரே இருட்டு.

பாக்கியம் குமிழை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தொட்டில் சீலைகளைப் பார்த்தாள்.

"இப்பதாங்க தெரியுது, இத்தன மூக்கு ஒழுகிக்கிட்டு இருக்குன்னு."

கொழும்புக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். ஒரு யூனிற் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ விறகு பிடித்தது. அந்த விறகுக்கு ஒரு விலை போட்டால் டீசல் இயந்திரத்தோடு என் இயந்திரம் போட்டிபோட முடியாது. எரிபொருள் என்ற இடத்தில், "தோட்டக் கழிவு, பெறுமதி இல்லை" என்று எழுதினேன். எனக்குத் தெரியாமல் எழுதவில்லை. பாக்கியம் சொன்னது காதில் இருந்தது. என் இயந்திரம் விற்கவேண்டும் என்று விரும்பினேன், அவ்வளவுதான். தோட்டம் இயந்திரத்தை வாங்கியது. மற்றவர்களுக்குக் காட்டப் பட்டறைக்காரர் என் வசனத்தை அச்சடித்து வைத்துக்கொண்டார்.

இரண்டாவது பயணம் அடுத்த வருடம் கார்த்திகையில். எஞ்சின் இருமுகிறது, அடிக்கடி நின்றுபோகிறது என்று தோட்டத்திலிருந்து முறைப்பாடு. பதுளையில் அடைமழை. பசறைப் பஸ்ஸில் காதர் முதலாளி இடம்பிடித்து வைத்திருந்தார்.

"உங்கட மெசின் நல்லாத் திங்குது மாத்தயா. லயத்துச் சனந்தான் திங்கக் காணோம்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கவ்வாத்து மலைக்குக் காவற்காரன் போட்டிருக்கிறார்கள். ஒரு குச்சி எடுத்தாலும் அன்றைய சம்பளம் இல்லை. பெண்கள் ஆற்றுக்கு அப்பால் காட்டில் போய்ப் பொறுக்குகிறார்கள். மழையில் அதுவும் எரிவதில்லை என்றார்.

"பெறுமதி இல்லாத சாமான எடுத்தா எதுக்கு சம்பளத்த வெட்டுறான்? அத நீங்கதானே சொல்லணும்?"

மிச்ச வழி முழுவதும் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தோட்டத்தில் நேரே பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். மேகம் இறங்கியிருந்ததால் பகலிலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே பாக்கியம் குந்தியிருந்து பால் காய்ச்சினாள். அடுப்பில் இருந்தது பச்சை வர்ணம் பூசிய ஒரு பலகை. நிமிர்ந்து பார்த்தேன். யன்னலுக்கு ஒரு கதவு இல்லை, சாக்குக் கட்டியிருந்தது.

"இன்னொண்ணு இருக்குங்க," என்றாள் என் பார்வையைக் கண்டு. "தை வரைக்கும் வரும். அப்புறம் தொட்டில் கம்புதான்."

"லயத்துக்கு லைற் வரேல்லையா?"

"வரல. வெறகும் போயிருச்சு. அடுப்பையும் சேத்துக் கொண்டு போயிருந்தீங்கன்னா எடமாவது மிஞ்சியிருக்கும்."

கொட்டிலுக்குப் போய் எஞ்சினைக் கழற்றினேன். வால்வுகளில் தார் அப்பியிருந்தது. காரணம் பார்த்தவுடன் விளங்கியது. ஈர விறகு. அடுப்புக்கு மேல் பரணில் காய்ந்த மிலாறில் தார் இல்லை. மலையிலிருந்து நேரே வந்து மழையில் நனைந்த மிலாறில் இருந்தது. ஒரு கூரை போட்டுக் காயவைத்தால் எஞ்சின் நன்றாக ஓடும்.

பெரியதுரை குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். என்ன கோளாறு என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்போது நான் சொல்லவேண்டியது ஒன்றுதான்: இந்த விறகு லயத்து மக்களுடையது, என் அறிக்கை பிழை. அதைச் சொன்னால் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பார். தாரை விரலால் வழித்து அவருக்குக் காட்டி, தேயிலை மிலாறு இந்த எஞ்சினுக்கு ஆகாது, தொடர்ந்து போட்டால் இன்னும் ஒரு வருடத்தில் எஞ்சின் போய்விடும் என்றேன். நிழல் மரக்கிளைகளை வெட்டி, துண்டுபோட்டுப் பாவிக்கச் சொன்னேன். தார் உண்மை, காரணம் பொய். முப்பது வருடச் சேவையில் ஓர் அளவைக்கூட மாற்றி எழுதாதவன் என்று பெருமைப்பட்டவன் நான்.

அன்று மாலையே காவற்காரனை விலக்கிவிட்டார்கள். மழைக்குள்ளேயே பெண்கள் கவ்வாத்து மலைக்கு ஓடினார்கள். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக ரயில் ஏறினேன்.

மூன்றாவது பயணம் 1981 பங்குனியில். யாரும் அனுப்பவில்லை, என் செலவில் போனேன். மிலாறு என்ன ஆயிற்று என்று பார்க்க ஆவலாக இருந்தது. மறைக்காமல் சொன்னால், யாராவது நன்றி சொல்லக் கேட்கவும் ஆசைப்பட்டேன்.

லயத்துக் கூரைகளின் கீழ் மிலாறு நெஞ்சளவுக்கு அடுக்கியிருந்தது. கொட்டிலில் இயந்திரத்தின் மேல் படங்கு போர்த்தியிருந்தது. நிழல் மரக்கிளையை வெட்டித் துண்டுபோட இரண்டு பேருக்கு நாளாந்தம் அரை நாட் சம்பளம் கொடுக்கவேண்டும். அந்தச் செலவு கட்டாது என்று பெரியதுரை இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பங்களாவுக்கும் அலுவலகத்துக்கும் சிறிய டீசல் இயந்திரம் ஒன்று எடுத்திருந்தார். அதன் கம்பி பிள்ளைக்காம்பரா வரை போகவில்லை.

யன்னலுக்குப் புதுப் பலகை அடித்திருந்தார்கள். பாக்கியம் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மிலாறு நன்றாக எரிந்தது. குமிழ் இருந்த இடத்தில் வெறும் கம்பி தொங்கியது.

"வெறகு திரும்பக் கெடைச்சிருச்சே," என்று அவள் பேச்சு வழக்கிலேயே தொடங்கினேன்.

"கெடைச்சிருச்சுங்க. லைட்ட ஏன் எடுத்துட்டாங்க?"

"மிலாறு அந்த மெசினுக்கு ஒத்துவராது..."

"ஒத்துவராமயா ஒரு வருசத்துக்கு மேல எரிஞ்சிச்சு?" அகப்பையால் பாலைக் கிண்டினாள். "விடியறதுக்கு முன்னாடி இருட்டுல ஒருத்தி தொட்டில்ல இன்னொருத்தி புள்ளைய மாத்திப் படுக்கப் போடுறா. போன வாரம் ஒண்ணு அடுப்பு வரைக்கும் தவழ்ந்து வந்திருச்சு. கைய சுட்டுக்கிச்சு. ரெண்டும் இருந்தா என்னங்க கொறைஞ்சிரும்? வெறகும் இருக்கட்டும், லைட்டும் இருக்கட்டும். யாராச்சும் அப்படிக் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டிருக்கவேண்டும்.

பங்களாவுக்கு ஏறிப்போய்ப் பெரியதுரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: அறிக்கை, தார், காரணம், எல்லாம். அவர் கோபப்படவில்லை. முதலில் மிலாறு பெறுமதியற்றது என்றாய், பிறகு நஞ்சு என்றாய், இப்போது அது மற்றவர் சொத்து என்கிறாய். இந்த மூன்றில் எந்த எஞ்சினியரை நான் நம்புவது என்று கேட்டார். தேநீர் கொடுத்தார். இயந்திரத்தைக் காதர் முதலாளிக்குப் பேசி விற்றாயிற்று என்றும் சொன்னார்.

பசறையில் இறங்கிக் காதர் முதலாளியின் கடைக்குப் போனேன். பிள்ளைக்காம்பராவுக்கென்று ஒரு பெற்றோமக்ஸ் விளக்கு வாங்கினேன். நானூற்று முப்பது ரூபா. விலையில் ஒரு சதம் குறைக்கவில்லை. ஆனால் கடைப் பையன் வேண்டாம் என்று தானே அதைத் தூக்கிக்கொண்டு என்னோடு லொறியில் வந்தார். பாக்கியம் அதை அந்த வெறும் கம்பியிலேயே மாட்டினாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"எண்ணெய் யாருங்க ஊத்துறது?"

பதுளையிலிருந்து திரும்பும்போது தெமோதரைச் சுரங்கத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டேன். என் வீடு யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில். அங்கே என் மனைவி பனம் ஊமலிலும் பன்னாடையிலும் சமைக்கிறாள். அடுத்த வளவுக்காரன் எங்கள் பக்கம் விழுந்த ஒரு பனைமட்டையை எடுத்ததற்காக நான் வேலியடியில் நின்று பேசிய பேச்சுகள் உண்டு. அந்த மட்டையைக் கழிவு என்று யாராவது என் முன்னால் சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டேன்.

எண்ணெயை மிச்சம் பிடிக்க இயந்திரம் செய்தவன் இப்போது மாதாமாதம் மண்ணெண்ணெய்க்குக் காசு கொடுக்கிறேன். சாமான் எடுக்கக் கொழும்புக்கு வரும்போது காதர் முதலாளி அந்தக் காசை வாங்கிப்போகிறார். என் இயந்திரம் அவருடைய ஆலையில் மர ஆலைத் துண்டுகளைத் தின்று நன்றாக ஓடுகிறதாம். அந்தத் துண்டுகளைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார் என்பதை இரண்டு தடவை சொன்னார். போன மாதம் வந்தபோது பாக்கியம் சொல்லியனுப்பியதையும் சொன்னார்.

"எண்ணெய நிப்பாட்டிட்டு ஒரு மெசின அனுப்பச் சொல்லுறா. சின்னதாப் போதுமாம். ஆனா லயத்து வெறகு மேல கண்ணு வைக்காத மெசினா இருக்கணுமாம்."

வரைபலகையை மறுபடி விரித்திருக்கிறேன். ஒரு குமிழுக்கும் பாலடுப்புக்கும் போதுமான சிறிய இயந்திரம். இந்தத் தடவை விறகின் விலையை முதலில் எழுதிக்கொண்டுதான் கணக்கைத் தொடங்கினேன். அந்த விலையில் இயந்திரம் இன்னும் தேறவில்லை.